"நீங்கள்தானே கையெழுத்து வைத்தீர்கள்": பிபிஐ, வங்கித் தண்டம், எங்கள் அனுபவங்கள்

குரொய்டன் மினிகாப்

போன கிழமை லொஃப்டைத் துப்புரவாக்கும்போது 2004ஆம் ஆண்டுக் கடன் பத்திரம் ஒன்று கையில் அகப்பட்டது. பிபிஐ, அதாவது கடனோடு சேர்த்து வங்கிகள் விற்ற கட்டுக்காசுக் காப்புறுதி. அந்தச் சொல்லை இப்போது ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. பத்து வருடத்துக்கு முன் லண்டனில் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் சந்தித்தால் முதல் கேள்வியே "உங்களுக்கு வந்திட்டுதா?" என்பதுதான், தவறாக விற்றதற்கு வங்கி திருப்பித் தரும் காசைத்தான் கேட்பார்கள். யாருக்கு எப்படி வந்தது, எங்கே சறுக்கியது என்று மற்றவர்களும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

2004 மார்ச். தங்கச்சியின் கல்யாணத்துக்கு 7,000 பவுண்ஸ் கடன் கேட்டு என் வங்கிக்குப் போனேன். அப்போது மினிகாப் (வாடகைக் கார்) ஓடிக்கொண்டிருந்தேன், அதாவது சுயதொழில். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மாதிரி. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். கணினியில் எதையோ தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பி, "மாதம் இவ்வளவு, பாதுகாப்பும் சேர்த்து" என்றார். பாதுகாப்பு என்றால் நல்லதுதானே? இல்லாமல் எடுத்தால் எவ்வளவு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. "இதையும் போட்டால் மேலிடம் கெதியாகச் சம்மதிக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன்.

பத்திரத்தில் இரண்டு பெட்டிகள். மேல் பெட்டியில் 7,000. கீழ்ப் பெட்டியில் 1,400. அந்த 1,400 ஐந்து வருடக் காப்புறுதிக்கான கட்டணம். மாதாமாதம் கட்டுவது அல்ல, முதல் நாளே முழுவதையும் கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். என் கைக்கு வந்தது 7,000, வட்டி ஓடியது 8,400க்கு. சும்மா இந்தப் பெட்டிக்காக மட்டும் மாதம் 29 பவுண்ஸ் கட்டியிருக்கிறேன்.

இதில் பகிடி என்னவென்றால், வேலை போனால் கட்டுக்காசைக் கட்டும் என்பதுதான் அந்தக் காப்புறுதியின் பெரிய பெருமை. மினிகாப் ஓடுகிறவனுக்கு யார் வேலைநீக்கக் கடிதம் தருவது? சுயதொழில்காரர் தொழிலையே மூடிவிட்டு வரித் திணைக்களத்துக்கும் அறிவித்திருந்தால்தான் காசு என்று சின்ன எழுத்தில் இருந்தது. நான் அதை வாசித்தது ஏழு வருடம் கழித்து.

பிபிஐ முறைப்பாடுகளை எப்படிக் கையாளவேண்டும் என்ற விதிகளை எதிர்த்து வங்கிகளின் சங்கம் போட்ட வழக்கு 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. மேன்முறையீடு செய்யாமல் மே மாதம் கையை உயர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கும் துணிவு வந்தது. ஒரு பக்கக் கடிதம். உள்ளே விஷயம் இரண்டே வரி: நான் சுயதொழில், இந்தக் காப்புறுதி எனக்குப் பயன்படாது. இது கட்டாயமில்லை என்று எனக்குச் சொல்லப்படவில்லை. அவர்கள் ஒரு நீளமான கேள்விப் படிவம் அனுப்பினார்கள், நிரப்பிக் கொடுத்தேன். 2012 ஏப்ரலில் பதில் வந்தது. கட்டிய காப்புறுதிப் பணமும் அதன் வட்டியும் 1,744. அவ்வளவு நாளும் என் காசு அவர்களிடம் கிடந்ததற்கு வருடம் 8 வீதம் தனிவட்டி, அது 767. அந்த 767இல் மட்டும் 20 வீதம் வரி கழித்து, காசோலை 2,358 பவுண்ஸுக்கு வந்தது. காரின் கியர்பொக்ஸுக்குப் போய்விட்டது, அது வேறு கதை.

வெம்பிளி கடைக்காரன்

பிபிஐக்கு முன்பே வங்கித் தண்டம் என்று ஒரு திருவிழா நடந்ததே, மறந்துவிட்டீர்களா?

2005இல் எனக்கு ஒரு ரெலிபோன் பில் 12 பவுண்ஸ். டைரக்ட் டெபிட் போன அன்று கணக்கில் கிடந்தது 10.40. ஒன்றரைப் பவுண் குறைந்ததற்கு வங்கி பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டு 38 பவுண்ஸ் தண்டம் எடுத்தது. அந்த 38ஐ எடுத்ததால் கணக்கு மைனஸ் 27.60. அனுமதி இல்லாமல் மைனஸுக்குப் போனாய் என்று அதற்கு இன்னொரு தண்டம். சம்பளம் வந்ததும் இரண்டையும் கழித்தார்கள், கழித்ததால் அடுத்த மாத வாடகைக்குக் காசு குறைந்தது, திரும்பவும் 38. தங்கள் தண்டத்துக்கே தண்டம்!

2006 கடைசியில் ஒரு நண்பர் சொல்லித்தான் தெரியும், பத்துப் பவுண்ஸ் கட்டி எழுதிக் கேட்டால் ஆறு வருடக் கணக்கு விவரம் முழுவதையும் வங்கி தந்தே ஆகவேண்டும் என்று. தடித்த உறை ஒன்று வந்தது. நானும் மனிசியும் இரவு வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் மஞ்சள் மார்க்கரோடு இருந்தோம். அவள் வாசிக்க நான் கோடு போட்டேன். நாலாவது பக்கத்துக்குப் பிறகு அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள், நானே வாசித்து நானே கோடு போட்டேன். மொத்தம் 1,126.

கடிதம் போட்டேன். பாதி தருகிறோம், "நல்லெண்ண அடிப்படையில்" என்றார்கள். வேண்டாம் என்று கவுண்டி நீதிமன்றத்தில் இணையம் வழியாக வழக்குப் பதிந்தேன். விசாரணைத் திகதிக்கு முன்னமே முழுக் காசும் கணக்கில் விழுந்தது. 2007 மார்ச்.

இதைப் பார்த்த என் மச்சான், நான் சொல்லிச் சொல்லி, ஒருவழியாக ஓகஸ்டில் கடிதம் எழுதினார். பதிலில் காசு இல்லை, ஒரு விளக்கம் இருந்தது. ஜூலை கடைசியில், நுகர்வோர் நலனைப் பார்த்த அரச அமைப்பான நியாய வர்த்தக அலுவலகமும் வங்கிகளும் ஒரு முன்மாதிரி வழக்குக்குப் போவதாகச் சம்மதித்துவிட்டன, அது முடியும்வரை எல்லாம் நிற்கும் என்று. ஏழு வங்கிகளும், வங்கி மாதிரியே நடக்கும் ஒரு கட்டடச் சங்கமும் (பில்டிங் சொசைட்டி) எதிராளிகள். 2008இல் வங்கிகள் தோற்றன, 2009 பெப்ரவரியில் மேன்முறையீட்டிலும் தோற்றன. மச்சான் வீட்டில் புதுக் கதிரைகள் வாங்குவதுபற்றிப் பேச்சு நடந்தது. 2009 நவம்பர் 25, உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அந்தத் தண்டமெல்லாம் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதியாம், விலை கூடவா குறைவா என்று நுகர்வோர் ஒப்பந்தங்களின் நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிய சட்டத்தின் கீழ் பார்க்க முடியாதாம். மச்சான் அன்று பின்னேரம் வந்து, ஒன்றும் கதைக்காமல் ஒரு ரீ குடித்துவிட்டுப் போனார். ஐந்து மாதம்தான் வித்தியாசம். எனக்கு இன்றைக்கும் அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க வாய் வராது.

2020 ஏப்ரலில், அனுமதி இல்லாமல் மைனஸுக்குப் போனதற்கான நிலையான தண்டங்களை, வங்கிகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் ஒழித்தது உண்மை. அதற்குப் பதிலாகப் பல வங்கிகள் ஓவர்டிராஃப்ட் (கணக்கு மைனஸுக்குப் போகும் கடன்) வட்டியை 40 வீதத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தன. அவர்கள் சும்மா விடுவார்களா?

தூட்டிங் நர்ஸ்

கடனட்டைத் தண்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பிந்தினால் எனக்கு 25 பவுண்ஸ் அடிப்பார்கள். 2006 ஏப்ரலில், 12க்கு மேல் எடுத்தால் நியாயமில்லை என்றே கருதுவோம் என்று நியாய வர்த்தக அலுவலகம் சொன்ன பிறகு, சொல்லிவைத்த மாதிரி 12 ஆனது. பழையதைக் கேட்டு எழுதினேன், வித்தியாசத்தை மட்டும் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன், எனக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை.

மினிகாப் அண்ணாவுக்கு ஒரு சொல்: அந்த 8 வீத வட்டியில் கழித்த வரியை, வரி கட்டாத அளவுக்குக் குறைந்த வருமானம் உள்ளவர்கள் வரித் திணைக்களத்துக்கு ஆர்40 என்ற படிவம் போட்டுத் திரும்ப வாங்கலாம். அம்மாவுக்கு நான் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். நாலு வருடத்துக்குள் கேட்கவேண்டும்.

ஈஸ்ட்ஹாம் பெடியன்

நான் சறுக்கின கதை சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

2013இல் ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு வரும். "உங்களுக்கு பிபிஐ காசு வரக் கிடக்கிறது" என்று. ஒரு நாள் அம்மா எடுத்து, வீட்டில் இங்கிலீஷ் கதைக்க ஆளில்லை என்று அழகான இங்கிலீஷில் சொல்லி வைத்தா. நான் எடுத்த நாள்தான் சனி பிடித்தது. வென்றால்தான் கூலி, தோற்றால் ஒரு சதமும் இல்லை என்றார்கள். அனுப்பிய தாளில் கையெழுத்து வைத்துத் தபாலில் போட்டேன். அவர்கள் வங்கிக்கு அனுப்பியது அண்ணா மேலே சொன்ன அதே படிவம்தான் என்று பிறகு தெரிந்தது.

காப்புறுதி என் கடனட்டையில் ஒட்டியிருந்தது. அந்த அட்டைக்கு நான் கட்டாமல் விட்டு 2,600 பவுண்ஸ் நிலுவை. வங்கி 3,150 தருவதாக எழுதியது. எனக்குத் துள்ளல். ஆனால் நிலுவையைக் கழித்துக்கொண்டு கைக்குத் தந்தது 550. சரி, கடன் அடைந்தது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு கிழமையில் கம்பனியின் பில் வந்தது. 30 வீதக் கூலி, அதற்கு மேல் வற் வரி, ஆக 36 வீதம். எதற்கு? கைக்கு வந்த 550க்கு அல்ல, 3,150க்கு. 1,134 பவுண்ஸ்! வென்ற வழக்குக்கு என் சட்டைப் பையிலிருந்து 584 பவுண்ஸ் கட்டினேன். மாதம் ஐம்பதாகக் கட்டி முடிக்க ஒரு வருடம் ஆனது.

2018 ஜூலையில்தான் அந்தக் கூலிக்கு 20 வீதமும் வற்றும் என்று உச்ச வரம்பு போட்டார்கள். எனக்கு என்ன பயன்.

ஹரோ அக்கா

தலைப்பில் உள்ள வசனம் எங்கள் பெரியம்மாவுக்கு வங்கி எழுதிய கடிதத்தின் சாரம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

பெரியம்மா 2006இல் எடுத்த கடனிலும் பிபிஐ இருந்தது. அப்போது வயது 60. நீரிழிவு, முழங்கால் இரண்டும் பழுது. ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குக் காசு இல்லை என்பது அந்தக் காப்புறுதியின் விதி. ஆகவே அவவுக்கு வரக்கூடிய வருத்தமெல்லாம் முன்னமே வந்துவிட்டது, காப்புறுதிக்கு வேலையே இல்லை. நான் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். எட்டுக் கிழமை முடிகிற நேரம் பதில்: ஆம் என்ற பெட்டியில் அடையாளம் இருக்கிறது, கீழே கையெழுத்தும் இருக்கிறது, நீங்கள் விரும்பித்தான் எடுத்தீர்கள். கூடவே பத்திரத்தின் பிரதி.

பெரியம்மா அதோடு விடச் சொன்னா. "நான்தானே பிள்ளை வைச்சனான், பொய் சொல்லேலாது." கையெழுத்து வைத்தால் கேள்வி கேட்கக்கூடாது என்பது அவவின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் வங்கிகள் நல்லாகச் சம்பாதித்தன என்று நான் நினைக்கிறேன்.

வங்கி தட்டிக்கழித்தால் பிணக்கைத் தீர்த்துவைக்கும் நிதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுத ஆறு மாதம் தவணை உண்டு, ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. எழுதினோம். அந்தக் காலத்தில் அங்கே பிபிஐ முறைப்பாடு மலை மாதிரிக் குவிந்திருந்தது, எங்களுக்குப் பதினாலு மாதம் எடுத்தது. ஒரு நாள் விசாரிக்கிறவர் ரெலிபோன் எடுத்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் வைத்து, "அன்றைக்கு என்ன நடந்தது, நினைவில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். பெரியம்மா சொன்னா: "அந்தப் பிள்ளை பென்சிலாலை மூண்டு இடத்திலை புள்ளடி போட்டுத் தந்தது. நான் புள்ளடி இருந்த இடமெல்லாம் கையெழுத்து வைச்சன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வங்கி அனுப்பிய பிரதியை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று கையெழுத்துக்கும் பக்கத்தில் மங்கலாக மூன்று புள்ளடிகள். "ஆம்" பெட்டியில் இருந்த அடையாளம் கையால் போட்டதே அல்ல, அச்சில் வந்தது. இத்தனை மாதமும் அந்தத் தாள் என் கோப்பில்தான் கிடந்தது, நான் பார்க்கவில்லை.

பிரதியை உடனே அனுப்பினோம். முடிவு பெரியம்மாவின் பக்கம். நாங்கள் அதை ஏற்றுக்கொண்டால் வங்கியும் கட்டுப்படவேண்டும், கட்டியது. 1,900 சொச்சம். அதில் முதல் வேலையாக மொழிபெயர்ப்பாளருக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று நின்றா. அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

லூயிஷம் அரைச் சட்டத்தரணி

என் விஷயத்தில் வங்கி பொய் சொல்லவில்லை. கேட்டார்கள், நானே ஓம் என்றேன். 2013இல் முறைப்பாட்டை நிராகரித்தது சரிதான். ஆனால் 2018இல் அதே வங்கி தானாகக் கடிதம் போட்டுக் கொஞ்சக் காசு தந்தது. காரணம் பிளெவின் என்ற ஒரு பெண்மணி. கணவரை இழந்த கல்லூரி விரிவுரையாளர். 34,000 பவுண்ஸ் கடனில் 5,780 பவுண்ஸுக்குக் காப்புறுதி. அந்தக் கட்டணத்தில் 71.8 வீதம் கமிஷனாகவே போயிருந்தது, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இது நியாயமற்ற உறவு என்றது. பிறகு வந்த விதியின்படி, கமிஷன் 50 வீதத்துக்கு மேல் போன பங்கை, முறைப்பாடு செய்த பலருக்கும் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. நான் நூறு பவுண்ஸ் கட்டியதில் விற்றவர்களின் கமிஷனுக்குப் போனது எழுபது, காப்புறுதிக்குப் போனது முப்பது என்றால் அதற்குப் பெயர் என்ன?

பிபிஐ முறைப்பாட்டுக்கு 2019 ஓகஸ்ட் 29 கடைசித் திகதி. அதை நினைவூட்டும் விளம்பரத்தில் நடிகர் ஆர்னோல்ட் ஸ்வாஸ்நேகரின் றப்பர்த் தலை ரீவியில் இரண்டு வருடம் கத்தியது. அப்படியும் என் நண்பர் ஒருவர் செப்டம்பரில் வந்து, "மச்சான், அது எப்படி எழுதுறது?" என்று கேட்டார். வங்கிகள் மொத்தம் 38 பில்லியன் பவுண்ஸுக்கு மேல் கட்டின, அதில் அவருக்கு ஒன்றும் இல்லை.

தம்பி_என்ஃபீல்ட்

அண்ணாமார், பிபிஐ காலத்தில் நான் பள்ளிக்கூடம். 2019இல் கார் ஃபைனான்ஸில் எடுத்தேன். அதிலும் இப்படிக் கமிஷன் விளையாட்டு இருக்கிறதாமே?

லூயிஷம் அரைச் சட்டத்தரணி

இருக்கிறது. வட்டியை எவ்வளவு உயர்த்துகிறாரோ அவ்வளவு கமிஷன் என்று கார் விற்கிறவருக்கே ஏற்பாடு இருந்தது, 2021 ஜனவரி 28இல் தடை செய்தார்கள். 2025 ஓகஸ்ட் முதலாம் திகதி உச்ச நீதிமன்றம் கார்க் கடன் கமிஷன் பற்றிய மூன்று வழக்கில் இரண்டைத் தள்ளிவிட்டு, ஒன்றில் மட்டும் வாங்கியவர் பக்கம் நின்றது. பிளெவினுக்கு உதவிய அதே 140ஏ பிரிவுதான், நுகர்வோர் கடன் சட்டத்தில் நியாயமற்ற உறவு பற்றியது. முறைப்பாட்டை நீயே நேரே எழுது. ஈஸ்ட்ஹாம் பெடியன் எழுதியதை இரண்டு தரம் வாசி.

குரொய்டன் மினிகாப்

தம்பி, முதலில் பத்திரத்தைத் தேடி எடு. பென்சில் புள்ளடி இருக்கிறதா பார்.

தம்பி_என்ஃபீல்ட்

பத்திரமா? ஐபாட்டில் விரலால் கையெழுத்து வைத்தேன் அண்ணா. தாள் என்று ஒன்றும் கைக்கு வரவில்லை.

வெம்பிளி கடைக்காரன்

அவர்களிடம் இருக்கும். உன்னைப் பற்றி வைத்திருக்கிற எல்லாவற்றையும் அனுப்பு என்று ஒரு ஈமெயில் போடு. 2018 மே மாதத்திலிருந்து அந்தப் பத்துப் பவுண்ஸும் இல்லை.