எஃப்-35 உதிரிபாகங்கள்: எம்.பி. மூலம் கேள்வியை எப்படிக் கேட்பது?

2024 செப்டம்பரில் பிரிட்டன், இஸ்ரேலுக்கான சுமார் 350 ஏற்றுமதி உரிமங்களில் ஏறத்தாழ 30ஐ நிறுத்தியது. எஃப்-35 போர் விமானத்தைப் பல நாடுகள் சேர்ந்து தயாரிக்கும் கூட்டுத் திட்டத்துக்குப் போகும் உதிரிபாகங்களுக்கு விலக்கு. அவை திறந்த பொது உரிமத்தில் போவதால் அரசின் காலாண்டு ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் அவற்றின் மதிப்பு வருவதில்லை. எங்கள் சிக்கல் இதுதான்.

தொகுதி எம்.பி.யை நேரில் பார்த்து, அந்த மதிப்பைக் கேட்டு மனு கொடுத்தோம். அவர் அமைச்சருக்கு அனுப்பினார். "ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே பரிசீலிக்கப்படுகிறது" என்று பதில். இந்த உரிமத்துக்குத் தனித்தனி விண்ணப்பமே கிடையாது, நிறுவனம் ஒருமுறை பதிவு செய்தால் போதும். கேட்டது ஒன்று, சொன்னது வேறு. தகவல் அறியும் சட்டத்தில் கேட்டபோது வணிக நலன் என்று மறுத்துவிட்டார்கள். மொத்த மதிப்பைக் கேட்பது இனி வீண்.

நாடாளுமன்றத்தில் எழுத்துமூலக் கேள்வியை எந்த வாசகத்தில் கேட்டால், அந்த உரிமத்தில் பதிவு செய்த நிறுவனங்களின் எண்ணிக்கையையாவது அமைச்சர் சொல்வார்?