டாம் அண்ட் ஜெர்ரில சில எபிசோடு மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு? இதையெல்லாம் வரைஞ்சவங்க யாரு?

வைகைக்கரை:
வணக்கம் மக்களே. 95க்கு அப்புறம் கேபிள் கனெக்ஷன் வந்த மதுரை வீடுகள்ல வளர்ந்தவங்க இங்க நெறைய பேர் இருப்பீங்க, அதான் கேக்குறேன். நமக்கு கார்ட்டூன் நெட்வொர்க்னா ஸ்கூல் விட்டு வந்து யூனிபார்ம் கூட மாத்தாம உக்காந்து பார்த்தது, ராத்திரி ஆனா அதே சேனல் டிஎன்டின்னு மாறி பழைய இங்கிலீஷ் படம் ஓட ஆரம்பிச்சிடும். டாம் அண்ட் ஜெர்ரிக்கு பாஷையே தேவையில்ல, எங்க அப்பத்தா கூட வெத்தலை இடிச்சுக்கிட்டே எங்களோட பாக்கும், டாம் அடிவாங்குறப்ப "அந்த வாயில்லா சீவனை ஏன்டா இந்தப் பாடு படுத்துறாய்ங்க"ன்னு நெஜமாவே வருத்தப்படும்.

இப்ப எம் பொண்ணு ரெண்டாங்கிளாஸ். ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரும் பழைய எபிசோடா தேடிப் பாக்குறோம். சிலது வந்தா ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிடுறா, "அப்பா இது அந்த டாம் இல்ல, மாத்துங்க"ன்னு. ஒண்ணுல டாமுக்கு ஒரு தடி ஆளு ஓனரா வர்றான், மீன் பிடிக்கப் போற கதை, கோவம் வந்தா மூஞ்சி செவந்து டாமைப் போட்டு வெளுக்குறான், சத்தமெல்லாம் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி எக்கோ. இன்னொரு டைப்ல டாமுக்கு புருவம் தடியா, ஜெர்ரிக்கு காது பெருசா இருக்கு. நாம சின்னப்புள்ளைல டைட்டில்ல வர்ற பேரையெல்லாம் படிச்சதே இல்ல, படம் எப்ப ஆரம்பிக்கும்னு தான் பார்த்தோம். இதெல்லாம் யாரு பண்ணது, பிள்ளைக்கு எதைக் காட்டலாம், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஸ்கெட்ச்பேனா:
உங்க பொண்ணுக்கு நல்ல கண்ணு அண்ணே, ஒரே பூனைய மூணு வேற வேற கூட்டம் வரைஞ்சிருக்கு, அதைத்தான் அது கண்டுபிடிக்குது. நான் திருமங்கலம், இப்ப சென்னைல அனிமேஷன் வேலை, இதைப் பத்தி பேச ஆள் கிடைச்சா விடமாட்டேன், அதனால கொஞ்சம் நீளமாவே போகும்.

மொத கூட்டம் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா. எம்ஜிஎம் ஸ்டுடியோல 1940ல மொத படம் பண்ணாங்க, அதுல டாமுக்கு பேரு டாமே இல்ல, ஜாஸ்பர். அங்க ஆரம்பிச்சு 1958 வரைக்கும் 114 படம். பார்பெரா கதையும் காமெடியும் படமா வரைஞ்சு தள்ளுவாரு, ஹன்னா எந்த ஃப்ரேம்ல அடி விழணும் எந்த ஃப்ரேம்ல கண்ணு வெளிய தெறிக்கணும்னு டைமிங் போடுவாரு. டாம் வால் மிதிபட்டா "ஆஆவ்"னு ஒரு அலறல் வரும்ல, அது ஹன்னா சொந்தக் குரல்ல கத்துனது தான். ஏழு ஆஸ்கர் வாங்குச்சு அந்த சீரிஸ், ஆனா ஏழையும் வாங்கிக்கிட்டது தயாரிப்பாளர் ஃப்ரெட் குவிம்பி, இந்த ரெண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிடல. இதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா வரும்.

1957ல எம்ஜிஎம் அந்த கார்ட்டூன் ஸ்டுடியோவையே மூடிருச்சு (ஏற்கனவே எடுத்து முடிச்ச படங்க தான் 58 வரைக்கும் வந்துச்சு), பழைய படத்தையே திரும்பத் திரும்ப ரிலீஸ் பண்ணா காசு வருது, புதுசுக்கு எதுக்கு செலவுன்னு. அப்புறம் 61, 62ல ஜீன் டைச்னு ஒருத்தர்கிட்ட கொடுத்து செக்கோஸ்லோவாக்கியால பிராக் நகரத்துல வச்சு 13 படம் எடுத்தாங்க. அந்த தடி ஓனரும் எக்கோவும் இதுல தான் வரும். காசு ரொம்பக் கம்மி, வரைஞ்சவங்க ஒரிஜினலை சரியாப் பார்த்தது கூட இல்ல, இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம், அதாவது அப்ப கம்யூனிஸ்ட் ஆட்சில இருந்த ஊரு. அதனால அவங்களை நான் திட்டமாட்டேன், டைச் சாதாரண ஆளும் இல்ல, வேற ஒரு குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்குனவரு. அப்புறம் 63ல இருந்து 67 வரைக்கும் சக் ஜோன்ஸ் 34 படம். புருவம் அவரோடது. ஆரம்பத்துல எம்ஜிஎம் சின்னத்துல சிங்கம் கர்ஜிக்கிற எடத்துல டாம் வந்து கத்துனா அது ஜோன்ஸ் படம்னு வச்சுக்கங்க.

பாப்பாவுக்கு மொதல்ல 1947ல வந்த "தி கேட் கன்சர்ட்டோ" போட்டுக் காட்டுங்க. டாம் கோட்டு போட்டு பியானோ வாசிக்க உக்காரும், ஜெர்ரி பியானோக்குள்ள தூங்கிட்டு இருக்கும். டாம் கட்டையைத் தட்டத் தட்ட உள்ள இருக்குற சுத்தியல் ஜெர்ரியைத் தூக்கித் தூக்கிப் போடும். ஃபிரான்ஸ் லிஸ்ட்ங்குற இசையமைப்பாளரோட ஹங்கேரியன் ராப்சடி ரெண்டாம் நம்பர் தான் வாசிக்கிற பாட்டு. டாமோட கையை மட்டும் ஸ்லோ பண்ணிப் பாருங்க, வெரல் சும்மா ஆடாது, பாட்டு மேல போனா கை வலது பக்கம் ஓடும், கீழ வந்தா இடது பக்கம் வரும், முகத்துல பெரிய வித்துவான் மாதிரி ஒரு கர்வம் வேற. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு வச்சா கூட செகண்டுக்கு 12 படம், ஏழு நிமிஷத்துக்கு 5,000 படத்துக்கு மேல ஆச்சு. பேப்பர்ல பென்சில்ல வரைஞ்சு, அதை செல்லுலாய்டு ஷீட்ல இங்க்ல ட்ரேஸ் பண்ணி, பின்பக்கம் பெயின்ட் அடிச்சு, ஒவ்வொண்ணா கேமராக்கு அடியில வச்சு. அந்த இங்க் பெயின்ட் வேலையெல்லாம் பெரும்பாலும் பொம்பளைங்க செஞ்சது, அவங்க பேரு டைட்டில்ல கூட வராது.

சிம்மக்கல்_வாசகன்:
தம்பி, நீங்க டிவில பார்த்ததை நாங்க தியேட்டர்ல பார்த்தோம். ஸ்டேஷன் பக்கம் விக்டோரியா எட்வர்டு ஹால்ல ரீகல் டாக்கீஸ், பகல்ல அது வாசகசாலை, பேப்பர் படிக்கிறவங்க உக்காந்திருப்பாங்க, சாயங்காலம் ஆனா இங்கிலீஷ் படம். மெயின் படத்துக்கு முன்னாடி நியூஸ் ரீல் ஒண்ணு ஓடும், அரசாங்கத்து ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்தது, அது எப்ப முடியும்னு இருக்கும், ஏன்னா சில நாள் அதுக்கப்புறம் ஒரு கார்ட்டூன் போடுவாங்க. இங்கிலீஷ் படத்துல வசனம் பாதி புரியாது, கார்ட்டூன்ல மொத்த தியேட்டரும் ஒரே நேரத்துல சிரிக்கும், பென்ச் டிக்கெட்டுல இருந்து பால்கனி வரைக்கும். அந்தப் படமெல்லாம் பெரிய திரைக்குன்னே வரைஞ்சது, செல்போன்ல பாக்குற பிள்ளைங்களுக்கு அந்த சைஸே தெரியாதுங்குறது தான் எனக்கு வருத்தம். முடிஞ்சா ஒரு தடவையாச்சும் ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து வீட்டு மொட்டைமாடி சுவத்துல போட்டுக் காட்டுங்க.

பரமக்குடியான்:
எங்க ஊர்ப்பக்கம் உசரமா ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாகினி எடுப்பாங்க, காத்தடிச்சா ஒருத்தன் மாடில போய் திருப்பணும், கீழ இருந்து இன்னொருத்தன் "இங்கிட்டு, இங்கிட்டு, விட்டுட்ட"ன்னு கத்தணும். அதுல டாப் கேட்னு ஒரு பூனைக்கூட்டம் சிங்களத்துல பேசும், பிஸ்ஸு பூசான்னு பேரு. ஒரு வார்த்தை புரியாது, ஆனா விடாம பார்த்தோம். அதுவும் ஹன்னா பார்பெரா பண்ணது தானே?

ஸ்கெட்ச்பேனா:
ஆமாண்ணே, 1961. ஸ்டுடியோவை மூடுனதும் ரெண்டு பேரும் சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சு டிவிக்கு இறங்கிட்டாங்க. டிவில காசும் கம்மி, நாளும் கம்மி, அதனால படத்தைக் குறைச்சாங்க. அவங்க டிவிக்குப் பண்ண யோகி கரடி கழுத்துல காலர் டை இருக்கும்ல, அது அழகுக்கு இல்ல, உடம்பை அப்படியே நிறுத்தி வச்சிட்டு காலருக்கு மேல தலைய மட்டும் புதுசா வரையலாம்னு. பழைய டாம் மாதிரி உடம்பு பூராம் நடிக்கிறது அதுல கிடையாது. ஆனா அந்த வழி இல்லேன்னா அத்தனை ஆர்ட்டிஸ்ட்டுக்கும் வேலை இருந்திருக்காது, அதையும் சொல்லணும்.

செல்லூர்_88:
ஓநாய் ஒரு பறவையைத் துரத்திக்கிட்டே இருக்குற ரோட் ரன்னர் கார்ட்டூனை யாருமே சொல்லலையேப்பா. 1949ல ஆரம்பிச்சது, சக் ஜோன்ஸோட நெஜமான சாம்ராஜ்யம் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோல தான், எழுதுனது மைக்கேல் மால்டீஸ். அந்த ஓநாய் மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்துல நிக்கும், கீழ பாக்காத வரைக்கும் விழாது, பார்த்தப்புறம் நம்மளை ஒரு தடவை பாக்கும், அந்த ஒரு செகண்டுல அதுக்கு எல்லாம் புரிஞ்சிருச்சுன்னு நமக்குத் தெரியும், அப்புறம் தான் விழும். வசனம் இல்லாம இதை மூஞ்சில கொண்டு வந்திருக்காங்க பாருங்க, பெரிய பெரிய நடிகர்களுக்கே வராது. "பீப் பீப்" குரல் கொடுத்தது பால் ஜூலியன், அவரு குரல் கலைஞரே இல்ல, பேக்ரவுண்டு பெயின்ட் பண்றவரு.

டீச்சரம்மா_திருநகர்:
நான் ப்ரைமரி பிள்ளைகளுக்கு பாடம் எடுக்குறேன், அதனால ஒண்ணு சொல்லணும். பழைய டாம் அண்ட் ஜெர்ரில முகம் காட்டாம கால் மட்டும் காட்டி ஒரு கருப்பின அம்மா வருவாங்க, வீட்டு வேலை செய்றவங்க, குரல் லில்லியன் ராண்டால்ஃப். அந்தக் காலத்து அமெரிக்காவுல கருப்பினத்தவங்களை எப்படிக் கேலியா காட்டுனாங்கங்குறதுக்கு அது ஒரு சாட்சி, குண்டு வெடிச்சா மூஞ்சில கரி பூசி வர்ற காமெடியும் அப்படித்தான். பிள்ளைங்க கேக்குறப்ப "அது தப்பு, அப்ப அப்படி இருந்தாங்க"ன்னு சொல்லிட்டு சேர்ந்து பாருங்க சார், மறைக்க வேணாம். நிறத்தை வச்சுக் கேலி பண்றது நம்ம வகுப்பறைலயும் நடக்குது, பேச ஒரு வழி கிடைக்கும்.

வைகைக்கரை:
டீச்சர் சொல்றது ரொம்ப சரி, அந்தம்மா யாருன்னு போன வாரம் தான் கேட்டா, நான் பேச்சை மாத்திட்டேன், இன்னைக்கு உக்கார வச்சு சொல்லிடுறேன். நேத்து கேட் கன்சர்ட்டோ போட்டேன், கடைசில டாம் களைச்சு விழுந்து ஜெர்ரி மேல லைட் அடிக்கும்ல, "வாசிச்சது டாம் தானே, கைதட்டு ஏன் ஜெர்ரிக்கு"ன்னு கேட்டா. குவிம்பி கதையை சொன்னேன், கோவம் வந்துருச்சு அவளுக்கு. தம்பி, நம்ம நாட்டுல இந்த மாதிரி வரைஞ்சவங்க அப்ப யாரும் இல்லையா?

ஸ்கெட்ச்பேனா:
ஏன் இல்லாம. சிம்மக்கல் ஐயா சொன்ன அதே ஃபிலிம்ஸ் டிவிஷன் தான். 1956ல டிஸ்னில வேலை பார்த்த கிளேர் வீக்ஸ்ங்குறவரு பம்பாய் வந்து அங்க கார்ட்டூன் பிரிவுல ஆளுங்களுக்கு ட்ரெயினிங் கொடுத்தாரு, 57ல "பேனியன் டீர்"னு புத்தரோட முற்பிறவியைச் சொல்ற ஜாதகக் கதைல இருந்து ஒரு மான் படம் வந்துச்சு. அங்க கத்துக்கிட்டவரு தான் ராம் மோகன், சத்யஜித் ரே படத்துல வர்ற அனிமேஷன் காட்சி, அப்புறம் ஜப்பான்காரங்களோட சேர்ந்து எடுத்த ராமாயணம் எல்லாத்துலயும் அவரு கை இருக்கு, 2019ல தான் போய்ச் சேர்ந்தாரு. பாப்பாவுக்கு அடுத்து அந்த மான் படத்தைத் தேடிப் போடுங்கண்ணே, டாம் மாதிரி வேகம் இருக்காது, மான் நடக்குறதை மட்டும் பாக்கச் சொல்லுங்க.