மாம்பலத்து மாடியில் மேப்பிள்

குளிர்நாட்டு மரமான மேப்பிளை வளர்க்க முதல் தடவை இறங்கியபோது ஏமாந்தேன். நீல இலை மேப்பிள் என்று ஆன்லைனில் படம் போட்டு விற்றார்கள், வாங்கிவிட்டேன். மேப்பிளில் சிவப்பு உண்டு, மஞ்சள் உண்டு, நீலம் கிடையவே கிடையாது. முளைத்தது ஏதோ களை.

அடுத்த தடவை ஜப்பானிய மேப்பிள் விதை, 20. ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் இந்த விதை உறக்கம் கலையும். 5 டிகிரிக்குள் மூன்று, நான்கு மாதம் வேண்டும். சென்னையில் மார்கழி விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. சரி, ஃப்ரிட்ஜை விட்டால் வழியில்லை. விதையோடு ஒட்டியிருக்கும் றெக்கையைக் கிள்ளிவிட்டு, ஒரு நாள் ஊறவைத்து, ஈரமான தேங்காய் நார்த்தூளோடு கவரில் கட்டிக் கீழ்த்தட்டில் வைத்தேன். "ஏம்மா, கறிவேப்பிலை பக்கத்துல மண்ணைக் கொண்டுவந்து வைக்கிறே?" என்றார் மாமியார்.

ஆகஸ்ட் கடைசியில் வைத்தது. டிசம்பர் முதல் வாரம் கவருக்குள்ளேயே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது, ஏழு விதையில். முதலில் வரும் இரண்டு இலையைப் பார்த்து மறுபடி களையோ என்று பயந்துவிடாதீர்கள். நாக்கு மாதிரி நீளமாக இருக்கும். விரல் பிரிந்த இலை அப்புறம்தான் வரும்.

மழையில் தொட்டி காயவே இல்லை. மூன்று கன்றுகள், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து சாய்ந்தன.

ஏப்ரலில் மீதி நாலுக்கும் இலை ஓரம் தீய்ந்த காகிதம் போல ஆனது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ.வில் கழியும் தண்ணீரை ஊற்றச் சொன்னார் ஒருவர். அதில் உப்பு இன்னும் அதிகம், கேட்காதீர்கள். நான் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினேன். பச்சை வலைக்குக் கீழே, காலை வெயில் மட்டும் படும்படி தொட்டியை நகர்த்தினேன். அதற்குள் மூன்று போய்விட்டது.

பிழைத்த ஒன்று இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. ஆனால் குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்க அதற்கு வாய்ப்பே வரவில்லை. வருகிற துளிரெல்லாம் சிறுத்துக்கொண்டே போனது. வெயிலை வலை போட்டுத் தடுத்துவிடலாம், குளிரை எங்கே போய் வாங்குவது? குன்னூரில் இருக்கும் நாத்தனாரிடம் தொட்டியோடு கொடுத்துவிட்டேன்.

போன டிசம்பரில் அவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ஆறே இலை, ஆறும் சிவப்பு. மாமியாரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எதிர்வீட்டு பாதாம் மரம் வருஷா வருஷம் இப்படித்தானே சிவக்குது?"