வேலை கிடைச்சாச்சு, அம்மாவும் கூடவே வர்றாங்களாம்!

வைகைக்கரை:
வயசு 24, பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கி வேலை, திருச்சியில போஸ்டிங். அப்பா வேண்டாம்னு சொல்லல, "அம்மா கூட இருக்கட்டும்"ங்கிறார். வீட்ல இன்னும் எனக்கு முள் எடுத்துதான் மீன் வைக்கிறாங்க. அவங்க இல்லாத அன்னைக்கு விசில் எண்ணி குக்கர் இறக்கி, ரசமும் வெச்சுடுவேன். தெரிஞ்சா சிலிண்டரையே மூடிடுவாங்க! சண்டை போடாம எப்படிச் சமாளிக்கிறது?

கோல்காரன்:
தங்கச்சி, பேசிப் பிரயோஜனமில்ல, நடந்து காட்டணும். நானும் பார்வையில்லாதவன்தான். வலது கால் முன்னால போகும்போது கோல் இடப்பக்கம் தட்டணும், இந்தத் தாளம் கைக்கு வந்துட்டா போதும். பூந்தமல்லியில பார்வைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தோட மண்டல மையம் இருக்கு, பயிற்சி பத்தி விசாரிங்க. அப்புறம் அப்பாவைப் பத்தடி பின்னால வரச் சொல்லுங்க. வாயைத் திறக்கக் கூடாதுன்னு கண்டிஷன்!

இரண்டு பிள்ளை அம்மா:
பயம் ரோட்டுக்கு மட்டுமில்லம்மா, ஊர் வாய்க்கும்தான். முதல் மாசம் அம்மா வரட்டும், ரிட்டர்ன் டிக்கெட்டோட.

வைகைக்கரை:
டிக்கெட் யோசனை சூப்பர்க்கா, இன்னிக்கே போட்டுடறேன். என்னை மாதிரியே பார்வையில்லாத சென்னைப் பொண்ணு பெனோ செஃபைன் 2015லயே வெளியுறவுப் பணிக்குப் போயிட்டாங்க. திருச்சிக்குப் போக எனக்கு இவ்ளோ பஞ்சாயத்து!