நண்பர் வாழ்ந்த வேலூரைப் பார்க்க எப்போது, எப்படி வரலாம்?

பொருநைவாசி (கேள்வி):

வேலூர் அன்பர்களுக்கு வணக்கம். நான் திருநெல்வேலியைச் சேர்ந்தவன். நெய்வேலியில் என்னோடு பணிபுரிந்து, ஓய்வு பெற்றபின் சொந்த ஊரான வேலூருக்கே திரும்பிவிட்ட நண்பர் ஒருவர் காலமாகி ஓராண்டு ஆகிவிட்டது. வருஷத் திவசமும் முடிந்தது.

என் தந்தைக்கு சி.எம்.சி. மருத்துவமனையில் இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது, அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்து காந்தி ரோட்டில் அறை பிடித்து வைத்திருந்தார். இரத்தமும் கொடுத்தார். தந்தை எழுந்து நடக்கும்வரை இரவுகளில் வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்தார். வேண்டாம் என்று நான் எத்தனை முறை சொல்லியும், "உங்க அப்பா எங்க ஊருக்கு வந்திருக்கிற விருந்தாளி, நீங்க போய்த் தூங்குங்க" என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசியதில்லை. அதன் பிறகும் பரிசோதனைகளுக்காக நாங்கள் வந்தபோதெல்லாம் காட்பாடி நடைமேடையில் அவர் நிற்காமல் இருந்ததில்லை.

இதனால் வேலூர் என்றால் எனக்கு மருத்துவமனை, மருந்துக்கடை, காட்பாடி சந்திப்பு ஆகியவைதான். அவர் மட்டும் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ்" என்று அடுக்கிவிட்டு (பட்டியலில் மீதமுள்ள ஒன்றை இங்கே எழுத என் மனைவி அனுமதிக்கவில்லை), பிறகு ஒவ்வொன்றுக்கும் தாமே மறுப்பும் சொல்வார். சித்ரா பௌர்ணமி இரவில் வரும் புஷ்பப் பல்லக்கைப் பற்றித் தொடங்கினால் நிறுத்தவே மாட்டார்.

இப்போது நானும் மனைவியும் மருத்துவ வேலை ஏதும் இல்லாமல், ஊரைப் பார்ப்பதற்கென்றே வர விரும்புகிறோம். எந்த மாதம் வரலாம், எங்கிருந்து தொடங்கலாம், அண்ணியையும் பிள்ளைகளையும் எப்படிச் சென்று பார்ப்பது முறையாக இருக்கும், அவர் பெயரில் பொருத்தமாக ஏதேனும் செய்ய முடியுமா என்பதையெல்லாம் ஊர்க்காரர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். பெரிய தொகையில் கல்வெட்டு, அறக்கட்டளை என்று நான் எண்ணவில்லை. அவற்றை அவரே விரும்பியிருக்கமாட்டார்.

அகழிக்கரை (பதில்):

ஐயா, வணக்கம். கோட்டையிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் அகழியை ஒட்டிய பூங்காவில் நடைப்பயிற்சிக்காரர்களும், மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டுத் தூக்கம் வராமல் உலாவும் வெளியூர்க்காரர்களும் கலந்திருப்பார்கள். வெயில் ஏறியபின் அந்தக் கருங்கல்லின் அருகில் நிற்க முடியாது.

விஜயநகரப் பேரரசின்கீழ் இருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை இது. உள்ளே சென்றதும் ஜலகண்டேசுவரர் கோயிலில் இடப்பக்கமுள்ள கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். பாயும் குதிரைகளையும் யாளிகளையும் சுமந்த தூண்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். நடுவே விரிந்த பூவும், அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளும் செதுக்கப்பட்டிருக்கும். கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். ஒரே தலையை யானையாகவும் காளையாகவும் காணும்படி வடித்த சிற்பம் ஒன்றும் உண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால்தான் மற்றது தெரியும். இந்த மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள் என்றும், அதற்காக வந்த கப்பல் கடலில் மூழ்கிவிட்டது என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன "சாமி இல்லாத கோயில்" இதுதான். படைக்கலக் கிடங்காகப் பயன்பட்ட காலத்தையும் கண்ட கோயில் இது. நெடுங்காலம் மூலவர் இல்லாமலேயே இருந்தது. சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த இலிங்கத்தை 1981-இல் மீண்டும் கொண்டுவந்து வைத்தபின்தான் இங்கே வழிபாடு தொடங்கியது. அந்த ஆண்டின் கூட்டத்தை நேரில் கண்டவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் நண்பரின் வயதைக் கணக்கிட்டால் அவரும் அதில் நின்றிருக்கக்கூடும். அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள்.

அதே வளாகத்தில்தான் 1806 ஜூலை 10 விடியும் முன் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தொப்பியை அணிய வேண்டும் என்ற ஆணைகளே உடனடிக் காரணம். திப்புவின் குடும்பத்தார் கோட்டைக்குள் காவலில் இருந்ததும், அவர் மகளின் திருமணத்துக்காகக் கூட்டம் சேர்ந்திருந்ததும் துணைசெய்தன. மைசூர்க் கொடியும் ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி ஜில்லஸ்பி குதிரைப்படையுடன் வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டுவிட்டான். அதன்பின் நடந்த பழிவாங்கல் கொடியது. 1857-க்கு 51 ஆண்டுகள் முந்திய இந்த எழுச்சிக்கு மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று அங்கே மாலை வைப்பார்கள். மற்ற நாட்களில் பேருந்துகளின் இரைச்சலில் அதை யாரும் கவனிப்பதில்லை என்பது என் மனக்குறை.

அரசு அருங்காட்சியகமும் கோட்டைக்குள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை அங்கே இருக்கிறது. 1816-இல் சிறைக் கைதியாக இங்கே கொண்டுவரப்பட்ட அவன் 1832-இல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவனுடைய நினைவிடம். உங்கள் நண்பரின் பட்டியலில் கோட்டைக்கு ராஜா இல்லை என்று இருக்கிறதல்லவா? நாடிழந்த ராஜா ஒருவர் இருந்தார் என்று அவரும் மறுப்புச் சொல்லியிருப்பார்.

மண்டித்தெரு கடைக்காரர் (பதில்):

அகழிக்கரை அன்பர் கல்லையே காட்டிவிட்டார், நான் மனிதர்களைக் காட்டுகிறேன். காலை எட்டு மணிக்குள் நேதாஜி மார்க்கெட்டுக்கு வந்துவிடுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கூடை கூடையாக இறங்கியிருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. வாங்கும்போது காம்பைப் பிடித்துப் பாருங்கள், முள் விரலில் சுருக்கென்று குத்தினால் புதுக்காய், மழுங்கி மடங்கினால் முந்தாநாள் காய். எண்ணெயில் வதக்கினால் வெண்ணெயாய்க் குழையும். ஆம்பூர்ப் பிரியாணிக்குச் சீரகச்சம்பாவும் கத்திரிக்காய்த் தொக்கும் எவ்வளவு முக்கியம் என்பது வேறு ஊர்களில் அதே பெயரில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது. ஆற்காடு வழியாகத் திரும்புவதாக இருந்தால் மக்கன் பேடா என்ற இனிப்பை வாங்காமல் போகாதீர்கள்.

மாலையில் லாங் பஜாரில் நடந்து, அங்கிருந்து காந்தி ரோட்டுக்கு வாருங்கள். நோயாளியோடு வந்திருந்த நாட்களில் உங்களுக்கு அந்தத் தெருவைப் பார்க்க மனம் இருந்திருக்காது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்களுக்காக அங்கே வங்காள எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன, கடுகெண்ணெயில் மீன் பொரியும் மணம் வருகிறது, பள்ளிக்கூடம் முடிக்காத நம் பையன்கள் கடைவாசலில் வங்காளமும் இந்தியும் சரளமாகப் பேசுகிறார்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணி, இந்தத் தெருவின் மொழியையே மாற்றிவிட்டது.

எப்போது வருவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சித்ரா பௌர்ணமிக்கு வாருங்கள். ஊரின் பல கோயில்களிலிருந்து சுவாமிகள் பூப்பல்லக்கில் ஏறி இரவெல்லாம் வீதி சுற்றுகிறார்கள். மேளமும் வாணவேடிக்கையும் விடியும் வரை ஓயாது. கடைத்தெரு முழுவதும் சாமந்தியும் மல்லியும் மிதிபட்டுக் கிடக்கும். உங்கள் நண்பர் நிறுத்தாமல் பேசியதற்குக் காரணம் அன்றைக்குத்தான் உங்களுக்கு விளங்கும்.

குடியாத்தம் ஆசிரியர் (பதில்):

மண்டித்தெருக்காரர் பிறந்ததிலிருந்தே இந்த வெயிலில் காய்ந்தவர், ஆகவே அவர் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடி செய்து கேளுங்கள். சித்திரையில் வேலூர் எப்படி இருக்கும் என்பதைத் தொலைக்காட்சியின் வெப்பநிலைப் பட்டியலே சொல்லும். நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் வரிசையில் வேலூர் இல்லாத கோடை அரிது. அறுபதைக் கடந்தவர்கள் பகலில் கோட்டை, இரவில் பல்லக்கு என்று அலைவது நல்லதல்ல. கார்த்திகையில் வந்தால் கடைசி ஞாயிறன்று விரிஞ்சிபுரம் போகலாம். மார்க்கபந்தீசுவரர் கோயிலின் மதிலழகு பழமொழியிலேயே இருக்கிறது. தூணில் செதுக்கிய பிறைவடிவில் குச்சியை வைத்தால் நிழல் விழுந்து மணி காட்டும் கல் ஒன்றும் அங்கே உண்டு. அந்த ஞாயிறன்று சிம்ம தீர்த்தத்தில் நீராட வரும் பெண்களின் கூட்டம் புஷ்பப் பல்லக்குக் கூட்டத்துக்குக் குறைந்ததல்ல.

2007-இல் திறக்கப்பட்ட ஸ்ரீபுரம் பொற்கோயிலை யாரும் இங்கே குறிப்பிடாதது எனக்கு வியப்பில்லை. இரவு விளக்கொளியில் அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் நட்சத்திர வடிவப் பாதையில் நெடுந்தூரம் நடந்துதான் போக வேண்டும், அரைநாள் அதிலேயே கழியும். உங்கள் நண்பர் அதைப் பற்றி உங்களிடம் பேசியிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தை லாங் பஜாருக்குக் கொடுங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன "தண்ணி இல்லாத ஆறு" ஆகிய பாலாற்றைப் பற்றி ஒரு திருத்தம். 2021 நவம்பரில் அதே ஆற்றில் இருகரை தொட்டு வெள்ளம் போனது. பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. பட்டியலில் ஒன்று அந்த மாதம் மட்டும் பொய்த்தது.

கொசப்பேட்டை மருமகள் (பதில்):

அண்ணா, எல்லோரும் ஊரைச் சொல்லிவிட்டார்கள், உங்கள் கேள்வியின் மற்றப் பாதியை யாரும் தொடவில்லை.

அண்ணியைப் பார்க்கப் போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். திவசம் முடிந்துவிட்டபடியால் துக்கம் விசாரிக்க வருவதுபோல் வெறுங்கையோடு போய், உட்கார்ந்து, சொல்லாமல் எழுந்து வரவேண்டியதில்லை. பழம், இனிப்பு வாங்கிக்கொண்டு உறவு வீட்டுக்குப் போவதுபோலவே போகலாம். எங்கள் பக்கத்தில் சிலர் செவ்வாய், வெள்ளி பார்ப்பார்கள். அந்த வீட்டு வழக்கத்தைப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடச் சொன்னால் மறுக்காதீர்கள். கணவரின் நண்பர்கள் என்று வருகிறவர்கள் கூடத்தில் படத்துக்கு எதிரே உட்கார்ந்து அவர் பெருமையை ஒருவருக்கொருவர் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள், அடுப்படியில் நிற்கும் மனைவியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. என் மாமியார் விஷயத்தில் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மருத்துவமனை வராந்தாவில் அவர் படுத்திருந்த இரவுகளில், வீட்டில் குழந்தைகளோடு தனியே சமாளித்தவர் அந்த அண்ணிதானே? அதை நீங்கள் அவரிடமே சொல்ல வேண்டும். உங்கள் மனைவி சொன்னால் இன்னும் நல்லது.

அவர் பெயரில் ஏதாவது செய்வதென்றால், அவர் செய்ததையே செய்யலாம். அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்த ஊரில் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. அசாமிலிருந்து தாயும் மகனுமாக வந்து, இரத்தம் கொடுக்க ஆள் தேடித் தவித்த ஒரு குடும்பத்தை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறோம். பொதுவாக அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம் இரத்தம் எடுப்பதில்லை. உங்களால் முடியாவிட்டால் உங்கள் மகனோ, நண்பருடைய பிள்ளைகளோ ஆண்டுக்கொரு முறை அவர் நினைவுநாளில் வந்து தன்னார்வக் கொடையாகக் கொடுக்கலாம். முந்தின கொடைக்கும் இதற்கும் ஆண்களுக்கு மூன்று மாதமும் பெண்களுக்கு நான்கு மாதமும் இடைவெளி இருந்தால் போதும். காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பொருநைவாசி:

எல்லோருக்கும் நன்றி. கொசப்பேட்டைச் சகோதரியின் பதிலை மனைவியிடம் இருமுறை படித்துக் காட்டினேன். அண்ணியிடம் நேற்றே தொலைபேசியில் பேசினோம். 1981-இல் இலிங்கத்தைக் கொண்டுவந்தபோது நண்பர் கூட்டத்தில் இருந்தாரா என்று கேட்டேன். அப்போது அவருக்குத் திருமணம்கூட ஆகவில்லை என்றும், ஆனால் அந்தக் கதையைத் தம்மைப் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார் என்றும் சிரித்தார்.

மாதத்தை அண்ணியே முடிவு செய்துவிட்டார். சித்ரா பௌர்ணமிதான். பகலில் வெளியே விடமாட்டாராம், கோட்டைக்கு விடியற்காலையில், பல்லக்குக்கு இரவில், இடைப்பட்ட நேரம் அவர் வீட்டில். ஆசிரியர் அவர்கள் மன்னிக்க வேண்டும், விரிஞ்சிபுரத்துக்குக் கார்த்திகையில் தனியாக வருகிறோம். அண்ணியின் மகனும் என் மகனும் இரத்ததானம் குறித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சந்தேகம்: பல்லக்கு இரவில் ஆட்டோ கிடைக்குமா, அல்லது நடந்தே வீடு திரும்ப வேண்டுமா?

மண்டித்தெரு கடைக்காரர்:

கடைத்தெருப் பக்கம் வண்டி எதுவும் நுழையாது. வெளியே கிடைக்கும் ஆட்டோவும் அன்றைக்கு வாய்க்கு வந்த தொகையைக் கேட்கும். அண்ணி வீடு எந்தப் பேட்டை என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், எந்தத் தெருமுனையில் நின்றால் பல்லக்கையும் பார்த்து, நடந்தும் போய்விடலாம் என்று சொல்கிறேன். பெண்கள் உட்கார என் கடைத் திண்ணை இருக்கிறது. தண்ணீர்ப் பாட்டில் மட்டும் கொண்டுவாருங்கள்.