விதை நிதியா, விதைமுதலா? குவாண்டம் ஆய்வுக்குப் போடும் முதற் காசு

எல்லாருக்கும் வணக்கம்.

தங்கச்சி கேட்டது ஒரு சொல்லைத்தான். கம்பஸ் பிள்ளைகளுக்கென்று அவ தயாரிக்கிற கையேட்டில், குவாண்டம் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்ததை விற்கக்கூடிய கருவியாக்க வெளியாள் ஒருவர் முதன்முதலில் போடும் காசுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். எங்கட இந்த உரையாடல் இழை அதற்குள் குவாண்டம் என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்ற கேள்விக்குப் போய், அங்கிருந்து கிரந்தச் சண்டைக்கும் போய்விட்டது. நான் காசுக்கே திரும்பி வாறன்.

> 'விதை நிதி' எல்லா இடமும் புழங்குது. பிறகேன் கிண்டுவான்?

அண்ணை, புழங்குவது உண்மை. ஆனால் எங்கட ஊரில் நிதி என்ற சொல் எவற்றோடு சேர்ந்து வருகிறது என்று ஒருக்கால் பாருங்கோ. திருப்பணி நிதி, நிவாரண நிதி, பழைய மாணவர் சங்கத்தின் கட்டட நிதி. ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் அந்தச் சொல்லைக் கண்டவுடன், தான் கொடுக்கப்போவது திரும்பி வராத காசு என்றே எடுத்துக்கொள்வார். பற்றுச்சீட்டும், மண்டபச் சுவரில் ஒரு பெயரும் போதும் அவருக்கு. நாங்கள் சொல்லவந்ததோ வேறு. இந்தக் காசைப் போடுகிறவர் கம்பனியில் பங்கு கேட்பார். சில வேளை முதலில் கடனாக எழுதி, அடுத்த சுற்று முதலீடு வரும்போது பங்காக மாற்றிக்கொள்வார். நட்டப்பட்டால் அவருக்கும் நட்டம். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இது தொடக்கத்திலேயே விளங்காவிட்டால் பிறகு மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

குவாண்டம் கணினி செய்யும் அமெரிக்கக் கம்பனியான அயன்கியூவை எடுத்துக்கொள்ளுங்கோ. மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் மன்றோவும் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜங்சாங் கிம்மும் அயன்களை, அதாவது மின்னேற்றம் உள்ள அணுக்களை, பிடித்துவைத்துக் கணிக்கும் முறையில் நெடுங்காலம் ஆய்வு செய்தவர்கள். அந்த ஆய்வில் பெரும்பகுதி அமெரிக்க அரசு முகவரகங்கள் கொடுத்த காசில் நடந்தது. அதற்காக அந்த முகவரகங்கள் அவர்களிடம் பங்கு கேட்கவில்லை. 2015 இல் கம்பனி தொடங்கியபோது நியூ என்டர்பிரைஸ் அசோசியேட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 20 இலட்சம் டொலர் போட்டது. அது பங்குக்காகப் போட்ட காசு. ஒரே ஆட்கள், ஒரே ஆய்வு, ஆனால் இரண்டு வகைக் காசு. 'விதை நிதி' என்றால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

முதல் வகைக்குப் புதுச்சொல் தேடத் தேவையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று எத்தனையோ காலமாக எழுதுகிறோம். அது மானியம். இந்தியா 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6003.65 கோடி ரூபா என்று அறிவித்ததே, அதற்கு நிதி ஒதுக்கீடு என்று எழுதினால் ஒரு பிழையுமில்லை. நிதியை அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் விட்டுவிடுவோம்.

இரண்டாவது வகைக்கு நான் சொல்வது விதைமுதல். இது நான் உண்டாக்கிய சொல் இல்லை. அடுத்த போகத்துக்கென்று எடுத்துவைக்கும் தானியத்துக்குப் பழைய பெயர். வியாபாரத்திலும் 'முதல் போட்டவர்' என்றால் யாரென்று கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். 'வித்து மூலதனம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பிழையில்லை, வணிகக்கல்விப் புத்தகத்துக்குப் பொருந்தும், வாயில்தான் வராது.

> 'விதை முதல் அறுவடை வரை' என்று வாசிக்க மாட்டார்களா?

வாசிப்பார்கள். இதுவரை வந்த மறுப்புகளில் பலமானது இதுதான். இடைவெளி விட்டு எழுதினால் சொல் கெட்டுவிடும், தேடுபொறியிலும் அகப்படாது. அதனால் சேர்த்தே எழுதவேண்டும். மயக்கம் வரும் இடத்தில் விதைமுதலீடு என்று நீட்டலாம். காசு விதைமுதல், போடும் செயல் விதைமுதலீடு, போடுகிறவர் விதைமுதலீட்டாளர். 'விதை நிதி'யிலிருந்து ஆளுக்குப் பெயர் எடுத்துப் பாருங்கோ, விதை நிதியாளர் என்று ஏதோ வரும், கூட்டுறவுச் சங்கத் தனாதிகாரி மாதிரி.

விதை என்றால் அடுத்த போகமே விளைச்சல் கேட்பார்களே என்று இன்னொருவர் பயப்பட்டிருந்தார். அப்படியில்லை, வெங்காயத்துக்கும் விதை உண்டு, பனைக்கும் உண்டு. 2015 இல் விதைமுதல் வாங்கிய அயன்கியூ நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தது 2021 இல்தான். செயலி எழுதி விற்கும் கம்பனிக்கு மடிக்கணினியும் வாடகை அறையும் போதும். கடுங்குளிரில் மின்தடை இல்லாமற்போகும் மீகடத்திகளால் குவாண்டம் கணினி செய்யப் புறப்பட்டவருக்கு, இருக்கக்கூடிய ஆகக் குறைந்த வெப்பநிலையான தனிப்பூச்சியத்துக்கு மிகக் கிட்டக் குளிராக்கும் பொறி வேண்டும். விதைமுதல் அதற்கே போதாமல் போகலாம். இந்தக் கணக்கைச் சொல் சுமக்காது, கையேட்டில் ஒரு பந்தியாக எழுதவேண்டும்.

குவாண்டம் பற்றிச் சுருக்கமாக. பாடப்புத்தகத்தில் அதற்குச் சக்திச்சொட்டு என்று பெயர். உயர்தர இரசாயனவியலில் சக்திச்சொட்டெண் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லில் பாசம் இருக்கிறது, எனக்கும்தான். பௌதிகவியலாளர் பிளாங்க் 1900 இல் சொன்ன சக்திப் பொதிகளுக்கு அது அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் 'சக்திச்சொட்டுக் கணினி' என்றால் மின்சாரம் மிச்சம்பிடிக்கும் கணினி என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்தக் கணினிகளின் உயிர், நிலைகள் ஒன்றோடொன்று மேற்பொருந்துவதிலும் துணிக்கைகள் பின்னிப்பிணைவதிலும் இருக்கிறது. பாடத்தில் சக்திச்சொட்டு இருக்கட்டும், தொழில்நுட்பத்துக்குக் குவாண்டம் போதும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் வைத்தியம் படிப்பித்த கிறீன் வைத்தியரே 1875 இல் வந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தவர். கடன் சொல்லால் தமிழ் கெடும் என்பவர்கள் அவரோடு வாதாடட்டும்.

ஆய்வை விற்கக்கூடிய பொருளாக்கும் வேலைக்கு வணிகமயமாக்கல் என்ற சொல் வேண்டாம். 'கல்வி வணிகமயமாகிறது' என்று திட்டுவதற்கு அதைப் பாவித்துப் பாவித்து நஞ்சாக்கிவிட்டோம். சந்தைப்படுத்தலுக்கும் வேறு வேலை இருக்கிறது. தொழிலாக்கம் என்கிறேன். 2001 இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர்கள் ஐடி குவாண்டிக் என்ற கம்பனியைத் தொடங்கி, தரவைப் பூட்டித் திறக்கும் இரகசியச் சாவியைக் குவாண்டம் முறையில் பரிமாறும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 2007 இல் ஜெனீவாவில் தேர்தல் தரவுகளைக் காக்க அது பாவிக்கப்பட்டது. அவர்கள் செய்ததைத் தொழிலாக்கம் என்று சொன்னால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

தங்கச்சி, கையேட்டு வசனத்தை இப்படிப் போடலாம்: "குவாண்டம் ஆய்வைத் தொழிலாக்க முன்வருவோர் முதலில் மானியத்தில் ஆய்வை நிறுவுவர், பின்னர் பங்கு கொடுத்து விதைமுதல் பெறுவர்."

பங்காக மாறும் கடனுக்கு மட்டும் இன்னும் சொல் அகப்படவில்லை. 'மாற்றுக்கடன்' என்று எழுதிப் பார்த்தேன், பக்கத்து வீட்டில் வாங்கின கைமாற்று மாதிரி இருக்கிறது. வங்கியில் வேலைசெய்த அக்கா யாராவது இழையில் இருந்தால், உங்கட படிவங்களில் அதை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கோ.