பம்பரம், கில்லி, பாண்டி: உங்கள் ஊரில் என்ன பெயர், என்ன சட்டம்?

செம்மண்டலம் அக்கா:
கடலூரிலிருந்து எழுதுகிறேன். கோடை லீவில் எங்கள் தெருப் பிள்ளைகளைச் சாயங்காலம் காலி மனையில் சேர்த்து விளையாட விடுகிறோம். போன வாரம் பம்பரத்தில் பெரிய தகராறு. எங்கள் பையன்கள் "அபீட், அபீட்" என்று கத்துகிறார்கள். மதுரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த வீட்டுப் பையன் ஒன்றும் புரியாமல் நிற்கிறான். நன்றாகப் பம்பரம் விடுகிற பிள்ளை அவன். ஆனாலும் கடைசி ஆளாகிவிட்டான்.

எங்கள் ஆட்டம் இப்படி. வட்டம் போட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரம் விட வேண்டும். சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் சுண்டி மேலே தூக்கிக் கையில் பிடிப்பதுதான் அபீட். சுற்றாமல் விழுந்தால் மட்டை. மட்டை ஆனவனும் கடைசியாக எடுத்தவனும் தங்கள் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் அதைக் குத்தி வெளியே தள்ளுவார்கள். ஆணி இறங்கிப் பள்ளம் விழுந்தால் ஆக்கர். புதுப் பம்பரத்தில் ஆக்கர் விழுந்தால் அன்றைக்குப் பையன் சாப்பிடவே மாட்டான்.

பாண்டியும் கில்லியும் இன்னும் சிக்கல். யாரும் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பெயரோடு உங்கள் ஊரில் என்ன சட்டம், எப்போது அவுட் என்பதையும் எழுதுங்கள். தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறேன்.

டவுன்ஷிப் பையன்:
அக்கா, நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்தே பல மாவட்டத்து ஆட்கள் வேலைக்கு வந்து குடியேறிய இடம். அதனால் ஒரே தெருவில் கில்லி, கிட்டிப்புள், சில்லாங்குச்சி மூன்றும் நடமாடும். சேலம், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள் சில்லாங்குச்சி என்பார்கள். கல்லாட்டம் இன்னும் மோசம். நாங்கள் அஞ்சாங்கல் என்போம், தெற்கத்திப் பிள்ளைகள் தட்டாங்கல், சொட்டாங்கல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

எங்கள் வழக்கம் ஒன்றுதான்: யார் வீட்டு வாசலில் ஆடுகிறோமோ அவர்கள் ஊர்ப் பெயர், அவர்கள் ஊர்ச் சட்டம். அதனால் யாரும் ரொம்ப நாள் புது ஆளாக இருந்ததில்லை.

கில்லிக்கு நாங்கள் ஆடியது: கில்லி ஒரு சாண், இரண்டு முனையும் சீவியது. அடிக்கிற நீளக் குச்சிதான் தாண்டு, அது ஒன்றரை முழம். குழிக்குக் குறுக்கே கில்லியை வைத்துத் தாண்டால் நெம்பித் தூக்க வேண்டும். எதிராளி பிடித்தால் அவுட். பிடிக்காவிட்டால், விழுந்த இடத்திலிருந்தே கில்லியை எறிந்து, குழிமேல் படுக்க வைத்த தாண்டை அடிக்கலாம், பட்டாலும் அவுட். தப்பித்தால் கில்லி முனையைத் தட்டி எழுப்பி அடித்து, விழுந்த தூரத்தைத் தாண்டால் அளப்போம். அந்தரத்தில் இரண்டு முறை தட்டி அடித்தால் கில்லியாலேயே அளக்கலாம், எண்ணிக்கை ஏறிவிடும். கொய்யாக் கிளையில் சீவுங்கள், சீக்கிரம் பிளக்காது. சின்னப் பிள்ளைகளை எதிரில் நிற்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

முந்திரித்தோப்பு:
பண்ருட்டி பக்கம் கோடையில் முந்திரிக்கொட்டைதான் எங்களுக்குக் காசு. கோடு போட்டுக் கொட்டைகளை வரிசையாக மண்ணில் நட்டு வைப்போம். தூரத்தில் நின்று, இருப்பதிலேயே கனமான கொட்டையைப் பொறுக்கி அதால் அடிக்க வேண்டும். சாய்ந்தது அடித்தவனுக்கு. பச்சைக் கொட்டையைக் கடிக்க மட்டும் கூடாது, தோட்டுப் பால் பட்டால் உதடு வெந்துவிடும்.

சொற்கள் வேண்டுமானால் கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதியைப் பாருங்கள் அக்கா. விருத்தாசலம் பக்கத்துக்காரர், நம் மண்ணின் பேச்சு.

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியில் கோலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குண்டும் உருளும். பெத்தாங். இரும்புக் குண்டு, முக்கால் கிலோ அளவுக்குக் கனக்கும். முதலில் சின்ன மரக்குண்டை 6 முதல் 10 மீட்டருக்குள் எறிவார்கள். அப்புறம் வட்டத்தில் கால் பெயராமல் நின்று, அதன் கிட்டே யார் குண்டு போகிறது என்று ஆட்டம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். எங்கள் தெரு சொல்தா தாத்தா ஆடும்போது நாங்கள் ஓரத்தில் கோலி வைத்து அதே சட்டத்தில் ஆடுவோம். பிள்ளைகளுக்குக் கோலியே போதும் அக்கா, கை நசுங்காது.

செம்மண்டலம் அக்கா:
எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்ன வாசல் சட்டத்தை நேற்றே வைத்துவிட்டேன். மதுரைப் பையன் வீட்டு வாசலில் அவன் சொன்னபடி ஆட்டம். எங்கள் பையன்கள் அவனிடம் போய்ப் போய்க் கேட்டார்கள், அவன் குரலே மாறிவிட்டது. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

பாண்டிக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. எங்களுக்குக் கட்டங்களைத் தாண்டி முடித்ததும் சில்லைப் புறங்காலில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கட்டமாக நடக்க வேண்டும். கால் வைக்கும்போதெல்லாம் "ரைட்டா?" என்று கேட்க, மற்றவர்கள் "ரைட்டு" என்பார்கள். கோட்டை மிதித்தால் அவுட். முழுதும் வந்துவிட்டால் திரும்பி நின்று முதுகுக்குப் பின்னால் சில்லை எறிந்து, விழுந்த கட்டத்தில் பழம் போடலாம். அந்தக் கட்டத்தில் பழம் போட்டவள் மட்டும் இரண்டு காலும் ஊன்றலாம், மற்றவர்கள் தாண்டித்தான் போக வேண்டும். தெற்கே பழத்துக்கு என்ன பெயர்? அடுத்தவள் பழத்தில் தெரியாமல் கால் வைத்தால் அவுட்டா, இல்லை மறுபடி ஆட விடுவீர்களா? திங்கட்கிழமை தாள் ஒட்ட வேண்டும், தெரிந்தவர்கள் அதற்குள் எழுதுங்கள்.